விறகு மெஷினுக்கு வாய் குடுத்த புழு

முதுகுளத்தூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு. மூணு ஏக்கர் புஞ்சை, பத்து வருஷமா தரிசா கெடந்து சீமக்கருவேலம் மண்டிப்போச்சு, ஆள் விட்டு வெட்டினா கூலி கட்டுப்படி ஆகல, அதனால நாமளே ஒரு செயின்சா வாங்கி வெட்டி வீட்டு வெறகுக்குப் போக மிச்சத்த கரிமூட்டம் போடுறவங்களுக்குத் தள்ளிவிடலாம்னு நெனக்கிறாராம். "அண்ணே, வீட்டுல ஒண்ணே ஒண்ணு வாங்கத்தான் காசு குடுத்திருக்காங்க. கருவேலமும் அறுக்கணும், கெணத்தடியில பட்டுப்போன தென்னை ரெண்டு நிக்குது, வேம்புல கெளை கழிக்கணும். எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி எத்தன சிசி வாங்கட்டும்?"

எத்தன சிசி. எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க, நானும் இதத்தான் கேட்டேன். கஜா புயல் அடிச்ச வருஷம், 2018 நவம்பர்ல, பட்டுக்கோட்டை பக்கத்துல இருக்குற எங்க சொந்தக்காரங்க தோப்புல தென்னை பூரா சாஞ்சு கெடந்துச்சு, போய் உதவலாம்னு ஒரு கடையில "58 சிசி, 22 இன்ச்"னு டப்பாவுல பெருசா எழுதியிருந்த மெஷின பத்தாயிரத்துக்குள்ள தூக்கிட்டுப் போனேன். நாலு மரம் அறுக்குறதுக்குள்ள பொகை, நாத்தம், தோள்பட்டை வலி. மரம் அறுபடல, தேஞ்சுச்சு. பொறவு ஒரு நாள் சும்மா உக்காந்து மேனுவல்ல போட்டிருந்த சிலிண்டர் விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் வச்சு கணக்குப் போட்டுப் பாத்தா (45.2 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர், பையும் நாலும் போட்டு பத்தாவது கணக்குதான்) வருது 54.6 சிசி. மூணு சிசி எங்க போச்சுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டதுக்கு "அது பேரு தம்பி, 58ங்கிறது மாடல் பேரு"ன்னாரு. சரிண்ணேன்னு வந்துட்டேன்.

ஆனா தப்பு அந்த மூணு சிசியில இல்ல. அத புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்ஜின் பத்தி வேகமா சொல்லிட்டுப் போயிடுறேன், ஏன்னா அது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியிருக்கீங்களா? அதே டூ ஸ்ட்ரோக், ஏறக்குறைய அதே சிசி, பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்துற அதே கதை, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா கட்டைங்க வெளிப்பக்கம் விரிஞ்சு டிரம்ம கவ்வுற அதே சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். அதனாலதான் ஐடிலிங்ல செயின் ஓடாம நிக்குது. ஒரே ஒரு பெரிய வித்தியாசம் கார்புரேட்டர். வண்டியில மிதவை இருக்கும், சாச்சா பெட்ரோல் ஒழுகும். செயின்சாவ படுக்கப்போட்டு, கவுத்துப்போட்டு, எப்படிப் புடிச்சாலும் ஓடணும், அதனால மிதவைக்குப் பதிலா ஒரு ரப்பர் சவ்வு மூச்சு விடுற மாதிரி உள்ள போய் வெளிய வந்து பெட்ரோல உறிஞ்சுது. அவ்வளவுதான் இன்ஜின். அது இழுக்குற மாடு. உழுறது மாடா? கொழு.

செயின்சாவோட கொழு அதோட பல்லு. இந்தப் பல்லு எப்படி வந்துச்சுங்கிற கதை எனக்கு எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது.

ஜெர்மனியில ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926லயே கரண்ட்ல ஓடுற செயின்சா பண்ணிட்டாரு, 1929ல பெட்ரோல்ல ஓடுறதும் வந்தாச்சு. ஆனா அப்பத்து செயின்ல இருந்த பல்லு நம்ம இழுப்பு வாள் பல்ல அப்படியே சங்கிலியில கோத்த மாதிரி, மரத்த கீறிக் கீறி சுரண்டும், தூளாக் கொட்டும், கொஞ்ச நேரத்துல மழுங்கிடும். மழுங்கினா அரம் போட்டு தீட்டுறதுக்கே பாதி நாள் போயிடும், ஏன்னா ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு விதம், ஒண்ணு கீறுறது, ஒண்ணு வாருறது. அமெரிக்காவுல ஓரிகன் மாகாணத்துல ஜோசப் பஃபோர்ட் காக்ஸ்னு ஒரு மரவெட்டி, இந்தத் தொல்லையில வெறுத்துப்போய் இருந்த மனுஷன், 1946ல ஒரு நாள் காட்டுல ஒரு மரத்தூரப் பாக்குறாரு. தூருக்குள்ள ஆள்காட்டி வெரல் மொத்தத்துக்கு ஒரு வண்டுப்புழு மரத்த தின்னுட்டு இருக்கு. மெஷினால முடியாத வேலைய அது சத்தமில்லாம பண்ணுது, நார் ஓடுற வாக்குலயும் போகுது, நாருக்குக் குறுக்கவும் போகுது. காக்ஸ் உக்காந்து பாத்திருக்காரு. அதோட ரெண்டு தாடையும் இடம் வலமா மாத்தி மாத்தி வெட்டுது, சுரண்டல, செதுக்குது. அதே மாதிரி இரும்புல இடப்பல்லு ஒண்ணு வலப்பல்லு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வச்சு, போர்ட்லண்ட் ஊர்ல தன் வீட்டு நிலவறையில செயின் பண்ண ஆரம்பிச்சாரு, 1947 நவம்பர்ல மொத செயின் வெளிய வந்துச்சு. இன்னிக்கு கடையில நீங்க வாங்குற எந்த செயினா இருந்தாலும், எந்த நாட்டுல பண்ணதா இருந்தாலும், அதுல இருக்கிறது அந்தப் புழுவோட வாய்தான்.

அந்தப் புழு நமக்கும் அந்நியம் இல்ல. மாமரத்துல தண்டு துளைப்பான்னு ஒண்ணு வருமே, ராத்திரி மரத்துல காத வச்சா நறநறன்னு கேக்கும், காலையில தூரடியில மரச்சக்கையா கொட்டிக் கெடக்கும், அது அதே வண்டுக் குடும்பம். நாம மருந்து அடிச்சோம், அவரு உக்காந்து பாத்தாரு. இங்க ஒருத்தன் "வண்டுப்புழு எப்படி மெல்லுதுன்னு பாக்கப்போறேன், ரெண்டு வருஷத்துக்கு காசு குடுங்க"ன்னு ஒரு ஆராய்ச்சி விண்ணப்பம் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, இதால நாட்டுக்கு என்ன பிரயோஜனம்னு ஒரு கட்டம் இருக்கும் அந்த ஃபார்ம்ல, அதுல என்னத்த எழுதுவான்? நாட்டு வருமானத்துல 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குன்னு ஒதுங்குற ஊர்ல புழுவுக்கு எங்க மிஞ்சும். சரி விடுங்க, பல்லுக்கு வருவோம்.

செயின்ல ஒரே ஒரு பல்ல பக்கவாட்டுல பாருங்க. முன்னாடி சின்னதா ஒரு மேடு, நடுவுல ஒரு பள்ளம், பின்னாடி பெரிய பல்லு. அந்த முன் மேட்டுக்கு கம்பெனிக்காரங்க என்னமோ பேரு வச்சிருக்காங்க, நான் திமில்னு சொல்றேன், மாட்டுத் திமில் மாதிரியே இருக்கும். பின்னாடி இருக்குற பல்லு, நேரா நின்ன ஒரு தகடு மேல போய் 7ன்னு எழுதின மாதிரி மடிஞ்சிருக்கும். நிக்கிற தகடோட ஓரம் கத்தி, மடிஞ்ச தகடோட ஓரம் உளி. ஏன் ரெண்டும் வேணும்னா, மரம்ங்கிறது இளநிக்கடை ஸ்ட்ராவ கட்டுக்கட்டா இறுக்கிக் கட்டினது மாதிரி. குறுக்க அறுக்குறதுன்னா ஒவ்வொரு ஸ்ட்ராவையும் ரெண்டு எடத்துல நறுக்கி நடுத்துண்ட எடுத்து வெளிய போடணும். இடப்பல்லோட கத்தி இடப்பக்கம் நறுக்குது, வலப்பல்லோட கத்தி வலப்பக்கம் நறுக்குது, மேல இருக்குற உளி நடுத்துண்ட பேத்து எடுக்குது. பள்ளத்துல சக்கை சுருண்டு உக்காந்து, வெளிய வந்ததும் பறந்துடுது.

இதுல திமிலுக்கு என்ன வேலை, அது வெட்டுறதே இல்லையே? இங்கதான் எனக்கு புல்லரிக்கும். வீட்டுல காய் சீவுற பீலர் எடுத்துக்கோங்க. பிளேடுக்கு முன்னாடி ஒரு சட்டம் இருக்கும், அந்தச் சட்டம் காய் மேல படிஞ்சு ஓடும், பிளேடு அதுக்கு எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு தோல்தான் வரும். ஆசாரிகிட்ட இருக்குற இழைப்புளியும் அதே சங்கதிதான். திமில் அந்தச் சட்டம். திமில் உச்சிக்கும் பல்லு உச்சிக்கும் ஒசரத்துல வித்தியாசம் சாதாரணமா 0.65 மில்லிமீட்டர், ஆறேழு பேப்பர அடுக்கின கனம். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு கடிக்கணும்னு முடிவு பண்றது இன்ஜின் இல்ல, நீங்க குடுக்குற அழுத்தமும் இல்ல, இந்த ஆறேழு பேப்பர்தான்.

ஆனா பீலரோட நின்னா பரவாயில்ல, இதுல இன்னொரு ஆட்டம் இருக்கு. பல்லு செயினோட கெட்டியா ஒட்டிக்கிட்டு இல்ல, ரிவிட்ல தொங்கிட்டு இருக்கு. செயின் பல்ல இழுக்குறது அடியில, ரிவிட்ட புடிச்சு. மரம் பல்ல தடுக்குறது உச்சியில, உளி முனைய புடிச்சு. அடியில முன்ன இழு, உச்சியில பின்ன தள்ளுன்னா என்ன ஆகும், பல்லு பின்பக்கம் சாஞ்சு மூக்கு தூக்கும். தூக்கினதும் பார் (செயின் சுத்தி ஓடுற நீளமான இரும்புத் தகடு) மேல இருக்குற பள்ளத்த விட்டு எழும்பி மரத்துக்குள்ள பாயும், ஒரு வாய் கவ்வும், அதுக்குள்ள செயினோட இழுவை அத வெடுக்குன்னு திரும்ப இழுக்கும், சக்கை ஒடிஞ்சு வரும், திமில் மறுபடி படியும், மறுபடி பாயும். பாம்பன் பக்கம் கடல்ல ஓங்கில், அதான் டால்பின், துள்ளுறத பாத்திருக்கீங்களா, எழும்பும், வளையும், முங்கும், எழும்பும். அதேதான். கண்ணுக்குத் தெரியாத வேகத்துல நடக்குறதால நமக்கு அது வழுக்கிட்டு ஓடுற மாதிரி தெரியுது, நெசத்துல அது ஓங்கில் கூட்டம். செயின விறைப்பா முறுக்கிட்டா துள்ள எடமில்ல, தொளதொளன்னு விட்டா பார விட்டே கழண்டுடும். கையால இழுத்தா ஓடணும், ஆனா அடிப்பக்கம் தொங்கக்கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

எவ்வளவு வேகம்? கணக்கு சுலபம். பிட்ச்னா ஒரு ரிவிட்டுக்கும் அடுத்த ரிவிட்டுக்கும் நடுவுல இருக்குற சராசரி தூரம். 3/8 இன்ச் பிட்ச் செயின்ல, செயின இழுத்து ஓட்டுற இன்ஜின் சக்கரத்தோட ஒரு பல்லுக்கு செயின் ரெண்டு பிட்ச், அதாவது 19 மில்லிமீட்டர் நகரும், சக்கரத்துல 7 பல்லு, நிமிஷத்துக்கு 10,000 சுத்துன்னு வச்சுக்கிட்டா செகண்டுக்கு 22 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர், மதுரை போற பஸ் வேகம். செயின்ல 38 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுப்பல்லு, அப்ப ஒரே எடத்த செகண்டுக்கு 580 பல்லு தாண்டுது. 580 ஓங்கில்.

இப்ப என் 22 இன்ச் கதைக்கு வாங்க. ஒரு அடி மொத்தமுள்ள கட்டைய அறுக்கும்போது மரத்துக்குள்ள ஒரு சமயத்துல எட்டு பல்லு இருக்கும். 22 இன்ச் பார் பூரா உள்ள போனா பதினாலு, பதினஞ்சு பல்லு. இன்ஜின் தர்ற பலத்த இத்தன வாய் பங்குபோடணும். பங்கு பத்தலைன்னா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா பல்லு பாயாது, வெறுமனே தேய்க்கும், தேய்ச்சா சூடு, சூடானா முனை போச்சு, முனை போனா இன்னும் தேய்க்கும். என் தென்னைமரப் பொகைக்கு காரணம் இதுதான், கூட தென்னையோட குணமும் சேந்துச்சு, தென்னைக்கு நம்ம தேக்கு மாதிரி ஆண்டு வளையம் கெடையாது, நார்க்கட்டுங்க ஓரத்துல நெருக்கி அடுக்கி இரும்பா இருக்கும், நடுவுல கேக்கு மாதிரி இருக்கும், ஓரத்த தாண்டுறதுக்குள்ள பல்லு மழுங்கிடும். நீளமான பார் வாங்கினா பெரிய மரம் அறுக்கலாம்னு நெனப்போம், 16 இன்ச் பாரால ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அறுத்தா ரெண்டரை அடி மொத்தமுள்ள மரம் வரைக்கும் சமாளிக்கலாம், அந்த மொத்தத்துல கருவேலம் உங்க புஞ்சையில இருக்கா சொல்லுங்க.

அதனால டப்பாவுல பாக்க வேண்டியது சிசி இல்ல, கிலோவாட், அதாவது இன்ஜினோட பலம். ரெண்டு மெஷின சொல்றேன், ஹஸ்க்வர்னா 450, ஸ்டில் எம்எஸ் 261. ரெண்டும் 50.2 சிசி. மொதலாவது 2.4 கிலோவாட், ரெண்டாவது 3 கிலோவாட். ஒரே அடுப்பு, ரெண்டு கொதி. அதுக்காக 3 கிலோவாட்டே வாங்குன்னு சொல்லல, வெலையும் அப்படித்தான் இருக்கும். ஒரு ஆளு விடாம வேலை செஞ்சா 75 வாட் பக்கம் வரும், 2.4 கிலோவாட்னா முப்பது ஆளு கையில நிக்குது, வெறகுக்கு அது தாராளம்.

ஒரு எச்சரிக்கைய இங்கயே சொல்லிடணும், ஏன்னா அதுவும் திமில் கதைதான். பார் நுனியில செயின் வளைஞ்சு திரும்புற எடத்துல பல்லும் சேந்து திரும்பும், அப்ப முன்னால போற திமில் வளைவுல எறங்கிடும், பல்லு முனை மட்டும் தனியா வெளிய துருத்தும். ஆறேழு பேப்பர் கணக்கு அங்க செல்லாது. நுனியோட மேல்பாதி எதாவது கட்டையில பட்டுச்சுன்னா பல்லு அளவுக்கு மீறி கவ்வி மாட்டிக்கும், செயின் ஓட முடியாம போக, அந்த வேகம் பூரா பார தூக்கி உங்க மூஞ்சிக்கு நேரா வீசும். கண்ணு சிமிட்டுற நேரத்துக்குள்ள முடிஞ்சுடும், சுதாரிக்கல்லாம் முடியாது. முன்கைப்பிடிக்கு முன்னாடி இருக்குற பிளாஸ்டிக் தடுப்புதான் செயின் பிரேக், அது வேலை செய்யாத மெஷின ஓசியில குடுத்தாலும் தொடாதீங்க. கைலி கட்டிக்கிட்டு ஓட்டுறத நிறைய எடத்துல பாக்குறேன், பதறுது. செயின்சாவுக்குன்னே பேன்ட் இருக்கு, உள்ள நீளநீளமா நூலு வச்சு தச்சிருப்பாங்க, செயின் பட்டா அந்த நூலு உருவி வந்து சக்கரத்துல சுத்தி செயின நிறுத்திடும். அத வாங்க முடியலைன்னா கனமான ஜீன்ஸும் ஷூவுமாவது போடுங்க, அது அந்தப் பேன்ட்டுக்கு ஈடாகாது, கைலிக்குத் தேவலாம்.

அப்பறம் வாசகர் மெசேஜ் கடைசியில இன்னொண்ணும் சொல்லியிருந்தாரு, கருவேலம் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுறதாலதான் நம்ம பக்கம் மழையே இல்லைன்னு. தம்பி, அது வாட்ஸ்அப்ல வந்தது. மழை வங்காள விரிகுடாவுல முடிவாகுற விஷயம், உங்க மூணு ஏக்கர் முள்ளுக்காடு அத தடுக்காது. அந்த மரம் தண்ணி எடுக்குறது வேரால, அதோட பங்காளி மரம் ஒண்ணோட வேர அமெரிக்காவுல அரிசோனா சுரங்கத்துல 53 மீட்டர் ஆழத்துல பாத்திருக்காங்க. வேற செடிய வளரவிடாது, மேய்ச்சல் நிலத்த முழுங்கும், இதெல்லாம் நெசம், அத எடுக்க இந்தக் காரணம் போதும். இல்லாத பழிய போட்டு வெட்டினா நாளைக்கு மழை வராதப்போ அடுத்து எந்த மரத்த வெட்டுவோம்?

சரி, கேட்ட கேள்விக்கு. 45ல இருந்து 50 சிசி, ஆனா பாக்குறது 2.2 கிலோவாட்டுக்கு மேல இருக்கான்னு. பாரும் செயினும் இல்லாம அஞ்சு கிலோவுக்குள்ள. பார் 16 இன்ச், ஆசை அடங்கலைன்னா 18, அதுக்கு மேல வேண்டாம். செயின் கேக்கும்போது பல்லு மூலை உருண்டையா இருக்குற ரகம் கேளுங்க, செமி சிசல்னு சொன்னா கடையில தெரியும், சதுர மூலை சுத்தமான மரத்துல வேகமா போகும், ஆனா கருவேலம் தூர்ல மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், மண்ணு பட்டா மூலைதான் மொதல்ல போகும், உருண்டை கொஞ்சம் தாக்குப்புடிக்கும். உங்க ஊர்ல ஸ்பேர் கெடைக்கிற, சர்வீஸ் பண்ற ஆளு இருக்குற கம்பெனியா பாருங்க, மத்தபடி பேரு எதுவா இருந்தா என்ன. வீட்டுப் பக்கத்துலயே பிளக் பாயிண்ட் இருந்து வேலையும் கம்மின்னா கரண்ட் மெஷினே போதும்னு சொல்லியிருப்பேன், புஞ்சைக்கு ஒயர் இழுக்க முடியாது. வெட்டுனதும் பச்சையிலயே துண்டு போட்டுடுங்க, ஈரம் இருக்குற வரைக்கும் நார் நெகிழ்ந்து கொடுக்கும், காஞ்ச கருவேலம் பல்லுக்கு எமன். செயின் ஆயில் டேங்குல பழைய இன்ஜின் ஆயில ஊத்தச் சொல்லி யாராவது யோசனை சொல்லுவாங்க, அதுல இருக்குற இரும்புத்தூளே பார அரிச்சிடும்.

மிச்சக் காசுக்கு ஸ்பேர் செயின் ரெண்டு, உருண்டை அரம் ஒண்ணு, தட்டை அரம் ஒண்ணு. உருண்டை அரம் என்ன சைஸ்னு செயின் டப்பாவுலயே போட்டிருக்கும். தட்டை அரம் எதுக்குன்னு கடைக்காரரே கேப்பாரு, திமிலுக்கு. பல்லோட மேல் தகடு பின்பக்கம் சரிவா இருக்கும், அதனால பல்ல தீட்டத் தீட்ட முனை பின்னாடி போறதோட ஒசரமும் குறையும், திமில் மட்டும் அப்படியே நிக்கும். திமில கவனிக்காம தீட்டிக்கிட்டே போனா ஆறேழு பேப்பர் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிடும், பல்லு கத்தி மாதிரி இருக்கும், ஆனா மரத்த தொடாது, "நல்லாத்தான் தீட்டினேன், அறுக்க மாட்டேங்குது"ன்னு செயின தூக்கிப் போடுவாங்க. மூணு தீட்டலுக்கு ஒருக்கா திமில் மேல அதோட ஒசரம் பாக்குற அளவுகோல் தகட்ட வச்சு, வெளிய துருத்துற அளவுக்கு மட்டும் தட்டை அரத்தால ரெண்டு இழுப்பு. அந்தத் தகட்டையும் சேத்து வாங்கிக்கோங்க.

ரெண்டு இழுப்புன்னா ரெண்டுதான். எங்க மச்சான்கிட்ட இத வெளக்கமா சொன்னேன், சொன்னது தப்பாப் போச்சு. திமில் கடிக்க விடாம தடுக்குதுன்னா அது எதுக்குன்னு மனுஷன் எல்லாத் திமிலையும் மட்டமா ராவிட்டாரு. மறுநாள் காலையில மெஷின் மரத்துல வச்சதும் வெட்டுவெட்டுன்னு குதிக்குது, ரெண்டு கையாலயும் புடிக்க முடியல, அஞ்சு நிமிஷத்துல கட்டைக்குள்ள சிக்கி நின்னுடுச்சு. புது செயின் போட்டோம். பழசு எங்க வீட்டு ஆணியில தொங்குது, வர்றவங்களுக்கு திமில் இல்லாத பல்லு எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கு.